பின்னால் ஆடியவர்கள் பதினாறு பேர்

எங்கள் பிலிம் சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில் நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். அதில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வரும் சனிக்கிழமைப் படத்துக்கு முன்னுரை சொல்லப்போகிறவர் என்று என் மனைவியின் பெயர் வந்தது. அதே பெயரில் வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த மலையாள ஊரின் பழைய கோட்டைக்குள் எங்கள் தெருவிலேயே அந்தப் பெயரில் மூன்று பேர் உண்டு. ஆனால் பெயருக்குக் கீழே ஒரு போட்டோ இருந்தது. எங்கள் அடுக்களை ஜன்னலுக்கு முன்னால் எடுத்தது. அந்த ஜன்னலில் ஒரு கம்பி வளைந்திருக்கும், போட்டோவிலும் வளைந்திருந்தது. யார் எடுத்தார்கள், அப்போது நான் எங்கே இருந்தேன் என்பது எதுவும் எனக்குத் தெரியாது.

அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன்.

"இது நீதானா?"

"ஆமாம். கொஞ்சம் குண்டா விழுந்திருக்கேன், இல்லையா?"

"என்ன பேசப்போறே?"

"சனிக்கிழமை வந்து கேளுங்கோ. நீங்க மெம்பர்தானே."

மெம்பர்தான். அந்தச் சொசைட்டி வழுதக்காட்டுப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் நடக்கிறது. எண்பத்துநாலு நாற்காலி, அதில் ஆறு உடைந்தவை, மின்விசிறி எட்டு, சுற்றுவது ஐந்து. கடைசி வரிசையில் நடைபாதை ஓரத்து நாற்காலி என்னுடையது என்று எல்லாருக்கும் தெரியும். புள்ளிவிவரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படம் பார்க்கும்போதும் எண்ணுவேன். எத்தனை ஷாட், எத்தனை முறை மழை, எத்தனை பேர் சாகிறார்கள் என்றெல்லாம். விவாதத்தில் யாராவது உளறினால் எழுந்து என் எண்ணிக்கையைச் சொல்வேன், உளறல் நிற்கும். அதனால் அந்த அரங்கில் எனக்கு ஒரு மதிப்பு உண்டு. சினிமாவைக் கண்ணை அலையவிடாமல் பார்க்கிறவன் என்ற மதிப்பு. இத்தனை வருஷமாகச் சேர்த்தது அது ஒன்றுதான். என் மனைவி பத்து நிமிஷம் மைக்கைப் பிடித்தால் அது என்ன ஆகும் என்பதுதான் அந்த வாரம் முழுக்க என் கவலை.

கவலைக்குக் காரணம் இருந்தது. சொசைட்டியின் புதிய செயலாளர் ஒரு பெண். கல்லூரியில் சினிமா சொல்லிக்கொடுக்கிறவள். அவள் வந்ததும் ஐந்து சனிக்கிழமைகளுக்கு ஒரே விஷயம் என்று அறிவித்தாள்: சினிமா பெண்ணை எப்படிப் பார்க்கிறது. முதல் நாள் அவளே பேசினாள். திரையில் இருக்கும் பெண்ணை மூன்று பேர் பார்க்கிறார்கள். கேமரா பார்க்கிறது. கதைக்குள் இருக்கும் ஆண் பார்க்கிறான். இருட்டில் உட்கார்ந்திருப்பவன் பார்க்கிறான். மூன்று பார்வையும் ஒரே கோட்டில் சேரும்படி படத்தை அமைத்துவிடுகிறார்கள். ஆண் கதையை நடத்துகிறான், பெண் பார்க்கப்படுவதற்காகக் கதையை நிறுத்துகிறாள். பாட்டுக் காட்சி என்பது அந்த நிறுத்தம்தான் என்றாள்.

எனக்கு இது சந்தேகமாக இருந்தது. எல்லாப் படத்தையும் ஒரே சாவியால் திறக்கிறேன் என்று யார் சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வரும். வீட்டுக்குப் போய் மூன்று பழைய பாட்டுகளை எடுத்து வைத்து எண்ணினேன். அடுத்த சனிக்கிழமை எழுந்து, இவள் சொன்னதைத் தகர்க்கலாம் என்று ஆரம்பித்தேன். ஒரு பாட்டில் நாற்பத்தொரு ஷாட். நாயகனைக் காட்டும் பன்னிரண்டிலும் அவன் முழுசாக, தலையோடு இருக்கிறான். நாயகியைக் காட்டும் இருபத்தொன்பதில் முகம் தெரிவது ஒன்பதில். மற்றதெல்லாம் கழுத்து, இடுப்பு, கால், ஈரப் புடவை. சொல்லிக்கொண்டு வரும்போதே என் கணக்கு அவள் பக்கம் சாய்வது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பாதியில் நிறுத்த முடியவில்லை.

"சாரே, இதைத்தானே நானும் பறஞ்சேன்!" என்று அவள் கை தட்டினாள். "நம்ம சாரோட கணக்கு" என்று அதன் பிறகு எங்கே போனாலும் சொல்கிறாள். அந்தச் சந்தோஷத்தை நான் நம்பவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை எங்கள் வீட்டில் பெயின்ட் அடித்தார்கள். வாசனை தலைவலிக்கிறது என்று மனைவியும் என்னோடு கிளம்பிவிட்டாள். அந்த அரங்குக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. விவாதத்தில் அந்தச் செயலாளர் ஒரு கேள்வி கேட்டாள். ஆண் எங்கே பார்க்கிறான் என்று இத்தனை பேசினோம். அதே இருட்டில் பக்கத்து நாற்காலியில் இருக்கும் பெண் எங்கே பார்க்கிறாள்? என்னிடம் அதற்குக் கணக்கு இல்லை. டீ குடிக்கும்போது திரும்பிப் பார்த்தேன். என் மனைவி செயலாளரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல, அவள் கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போனதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். பிஸ்கட் நன்றாக இருக்கிறது என்றாள் மனைவி. அது நமுத்துப்போன பிஸ்கட்.

அந்த டீயில் ஆரம்பித்ததுதான் இந்தச் செவ்வாய்க்கிழமை அறிவிப்பு.

அந்த வாரம் அவள் போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எங்கள் வீட்டில் அடுக்களைக் கதவைச் சாத்துகிற வழக்கமே இல்லை. அதற்குத் தாழ்ப்பாள் இருப்பதையே நான் அந்த வாரம்தான் கவனித்தேன். வெளியே நின்றால் மலையாளத்தில் சிரிப்பு கேட்டது. ஒரு தடவை "ஐயோ, அவர்கிட்டே சொல்லப்படாது" என்று தமிழில் கேட்டது.

படம் எது என்று பார்த்தேன். எங்களுக்குக் கல்யாணமான வருஷம் வந்த ஒரு மலையாளப் படம். அகலத்திரைப் படம், கலர். தம்பானூர்ப் பக்கம் ஒரு தியேட்டரில் நாங்கள் இருவரும் பார்த்தோம். அவள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த புதிது. மலையாளம் ஒரு எழுத்துத் தெரியாது. அப்போது ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். பாட்டு ஆரம்பித்தால் அவள் திரையை விட்டு என் பக்கம் திரும்புவாள். பாட்டு மலையாளத்தில் புரியவில்லை, பாவம், என்று நான் காதருகே குனிந்து வரிக்கு வரி தமிழில் அர்த்தம் சொல்வேன். எத்தனை படம், எத்தனை பாட்டு! முன் வரிசைக்காரன் திரும்பி முறைக்கும்வரை சொல்வேன். பிறகு தமிழ்ப் படங்களுக்கும் போனோம். தமிழ்ப் பாட்டுக்கும் அவள் என் பக்கம் திரும்பினாள். பழக்கதோஷம் என்று விட்டுவிட்டேன். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பழவங்காடிக்குப் போனேன். அங்கே எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கும் நாகர்கோவில்காரர் ஒருவர் எங்கள் சொசைட்டி மெம்பர். படம் ஓடும்போது எனக்குப் பக்கத்து நாற்காலி. அவரிடம் சொன்னேன், ஏதோ சூழ்ச்சி நடக்கிறது என்று.

"சூழ்ச்சியா? சாமி, ஒம்ம வண்டவாளம் வெளிய வரப்போவுது, அவ்வளவுதாம்வே." ஒரு குடத்தைத் தட்டிப் பார்த்து ஒரு அம்மாளிடம் கொடுத்தார். "எங்க வீட்ல மைக்கக் குடுத்தா நான் அன்னைக்கே விதுராவுக்கு பஸ் ஏறிருவேன். அங்க இருந்து பொன்முடி மலை. கீழ எறங்கவே மாட்டேன்."

"என் விஷயத்தில் வெளியே வர என்ன இருக்கு?"

"அதான் நாளைக்குத் தெரியுமே. ஒரு விடலைத் தேங்கா போட்டுட்டுப் போம். பிள்ளையாரு பாத்துக்கிடுவாரு."

தேங்காய் உடைக்கவில்லை. உடைத்தால் எனக்கே என்மேல் சந்தேகம் என்று ஆகிவிடும்.

சனிக்கிழமை அவள் எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள். செயலாளர் ஆட்டோவில் வந்து அழைத்துப்போனாள். நான் தனி ஆட்டோவில் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அறுபத்தேழு பேர் வந்திருந்தார்கள். சாதாரணமாக நாற்பது தாண்டாது. அந்தக் கூடுதல் இருபத்தேழு பேரில் இருபத்துமூன்று பேர் பெண்கள். பாத்திரக் கடைக்காரர் என் முழங்காலைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவள் மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டாள். கையில் காகிதம் இல்லை.

"எல்லாருக்கும் நமஸ்காரம். எனக்கு மலையாளம் வரும், ஆனா பாதியில தமிழ் வந்து ஏறிக்கும். க்ஷமிக்கணும். இந்தப் படத்தைக் கல்யாணம் ஆன புதுசுல பாத்தேன். பாத்தேன்னு சொல்லப்படாது, போனேன். பாட்டு வந்துட்டா நான் திரையைப் பாக்க மாட்டேன். எங்காத்துக்காரர் மொகத்தைப் பாப்பேன்."

அரங்கு சிரித்தது. அவள் சிரிப்பு முடியக் காத்திருந்தாள்.

"சிரிக்காதேங்கோ, அதான் எனக்கு சினிமா. அங்க ஹீரோயின் மேல வெயில் அடிச்சா இவர் மொகம் மஞ்சளாகும். அவ தண்ணியில எறங்கினா இவர் மொகம் நீலம். இவர் கண்ணு எங்க போய் நிக்கறது, எப்போ நகர்றதுன்னு பாப்பேன். அந்தக் கொண்டை இவருக்குப் பிடிச்சிருக்கோ, அந்த ரவிக்கையோ, அந்த நடையோன்னு. மறுநாள் அந்தக் கொண்டையைப் போட்டுண்டு காபி கொண்டுபோவேன். இவர் பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்க மாட்டார். அது வேற கதை."

பெண்கள் பக்கம் சிரிப்பு நிற்கவில்லை. ஒருத்தி "ஞானும்!" என்று கத்தினாள்.

"டீச்சர் அன்னிக்குக் கேட்டா, இருட்டுல இருக்கற பொம்மனாட்டி எங்க பாக்கறான்னு. நான் எங்க பாத்தேன்னு சொல்லிட்டேன். நான் திரும்பினா இவர் உடனே காதுல வந்து பாட்டுக்கு அர்த்தம் சொல்லுவார். எனக்கு எதுக்கு அர்த்தம்? மொகம் மறைஞ்சு போயிடுமேன்னு எரிச்சலா வரும். இன்னும் ஒண்ணே ஒண்ணு. பாட்டு ஓடச்சே இவர் உதடு அசையும். பாட்டோட சேர்ந்து இல்லை. தனியா, மெதுவா. யாரோ ஒருத்தி பேரைச் சொல்லிண்டிருக்கற மாதிரி. அது யார் பேருன்னு நாப்பத்தாறு வருஷமா நான் கேட்டதில்லை. பதில் கிடைச்சுடுமோன்னு பயம்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"அதனால இந்தப் படத்தை நான் இன்னிக்குத்தான் மொதல்ல பாக்கப்போறேன். இவர் மொகத்தைப் பாக்காம, அந்தப் பாட்டு மொத்தத்தையும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும். மதி, போறும்."

அவ்வளவுதான். பத்து நிமிஷம் தந்திருந்தார்கள், நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டாள். அறுபத்தைந்து தலைகள் கடைசி வரிசைப் பக்கம் திரும்பின. நான் அதுவரை அந்த அரங்கில் எல்லாருடைய பின்தலைகளையும்தான் பார்த்திருக்கிறேன். முன்னால் இத்தனை முகங்கள். அவர்கள் என் கண்ணைப் பார்க்கவில்லை, என் உதட்டைப் பார்த்தார்கள். உதட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. சட்டையின் மேல் பொத்தான் போட்டிருக்கிறதா என்று தடவினேன். போட்டிருந்தது. மறுபடி தடவினேன்.

"யாரு பேருவே அது?" என்றார் பாத்திரக் கடைக்காரர், என் காதில்.

"சும்மா இரும்."

"எங்கிட்ட மட்டும் சொல்லும். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

நான் எழுந்து முன்னால் போனேன். அவள் மூன்றாவது வரிசையில், சுற்றுகிற மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு நாற்காலி காலி. உட்காரப் போனேன்.

"இங்க வேண்டாம்."

"ஏன்?"

"இங்க உக்காந்தா நான் உங்களைப் பாத்துடுவேன். பின்னாடி போங்கோ."

"உன் பாட்டுக்குத் திரையைப் பாரேன். நான் என்ன செய்யப்போறேன்?"

"நீங்க அர்த்தம் சொல்லுவேள்."

செயலாளர் விளக்கை அணைக்கக் கையை ஸ்விட்சில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் பின்னால் போனேன். ஆனால் என் நாற்காலிக்கு அல்ல, நாலாவது வரிசைக்கு, அவளுக்கு நேர் பின்னால்.

படம் பழையதாகிவிட்டது. வசனம் நீளம். நாயகன் ஒவ்வொரு கதவிலும் ஒரு வினாடி நின்றுவிட்டு உள்ளே வந்தான். இடைவேளைக்குச் சற்று முன்னால் அந்தப் பாட்டு வந்தது. காயல் கரை, தென்னை, நாயகி முன்னால், குடங்களோடு ஆடும் பெண்கள் பின்னால். நான் திரையைப் பார்க்கவில்லை. அவள் தலையைப் பார்த்தேன். நரைத்த சின்ன முடிச்சு, அதில் இரண்டு ஊசி. அது பக்கவாட்டில் திரும்புமா, பின்னால் திரும்புமா என்று பார்த்தேன். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஒரு கட்டத்தில் லேசாக வலப்பக்கம் சாய்ந்தது, அங்கேயே நின்றது. அவள் எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பின்தலையை வைத்துக்கொண்டு ஒருவர் எங்கே பார்க்கிறார் என்று கண்டுபிடிக்க முடியாது. முகம் வேண்டும். அவளுக்கு அந்தக் காலத்தில் என் முகமாவது இருந்தது.

படம் முடிந்து விவாதத்துக்கு நாங்கள் நிற்கவில்லை. ஆட்டோவில் ஏறினோம். பேக்கரி ஜங்ஷன் தாண்டியது.

"பேர் இல்லை," என்றேன். "எண்ணிண்டிருந்தேன்."

"என்னது?"

"உதடு அசைஞ்சது. யார் பேரும் இல்லை. பின்னாடி ஆடறவாளை எண்ணிண்டிருந்தேன். எல்லாப் பாட்டுலயும் எண்ணுவேன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். தெருவிளக்கு வந்து வந்து போனது.

"நாப்பத்தாறு வருஷமா?"

"ஆமாம்."

"ஒரு பொம்மனாட்டி பேரும் இல்லையா?"

"இல்லை."

"நான் நம்பணுமா?"

"நம்பு, நம்பாம போ. இந்தப் பாட்டுல பதினாறு பேர். அன்னிக்கும் பதினாறு, இந்த வாரம் போன்ல போட்டுப் பாத்தேன், அதுலயும் பதினாறு. பேர் சொல்றவன் இதையெல்லாம் எப்படி ஞாபகம் வெச்சுண்டிருப்பான்?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

"ஏன் சிரிக்கறே?"

"மார்க்கெட்ல தேங்கா எண்ற மாதிரி அத்தனை பொண்களையும் எண்ணிண்டு இருந்திருக்கேள். நான் ஒரு பைத்தியம், அதுக்குப்போய்க் கொண்டை போட்டுண்டு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுவும் தப்பா எண்ணியிருக்கேள்."

"என்ன தப்பு?"

"பதினேழு பேர். வலப்பக்கம் கடைசியில நீலப் புடவை ஒருத்தி. பாதி ஒடம்புதான் திரையில. அவளை யாரும் காமிக்கவே இல்லை. ஆனா எல்லாரையும்விட அவதான் நன்னா ஆடினா. நான் அவளையேதான் பாத்துண்டிருந்தேன்."

"அப்படி ஒருத்தி கிடையாது."

"சரி, கிடையாது."

வாதம் செய்யாமல் அவள் ஒப்புக்கொண்டதுதான் என் சந்தேகத்தைக் கிளப்பியது. அவள் எதையும் அப்படி ஒப்புக்கொள்கிறவள் அல்ல.

மறுநாள் காலை போனில் அந்தப் பாட்டைப் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பதினாறுதான். வலது ஓரத்தில் பச்சைப் புடவை, அத்தோடு திரை முடிந்துவிடுகிறது. செயலாளருக்குப் போன் செய்தேன்.

"சாரே, போன்ல இருக்கறது டிவிக்கு வேண்டி வெட்டினது," என்றாள். "ரெண்டு சைடும் போயாச்சு. நாம இன்னலெ ராத்திரி ஹால்ல போட்டது முழு அகலம்."

"அப்படியானால் பதினேழாவது ஒருத்தி உண்டா? நீலப் புடவை?"

"ஞான் நாயகியைத்தான் நோக்கினேன், சாரே," என்றாள். இத்தனை வாரமாகக் கேமரா காட்டுகிற இடத்தை மட்டும் பார்க்காதீர்கள் என்று எங்களுக்குச் சொன்னவள் அவள். அதை நான் சொல்லிக்காட்டினேன். அதற்கு அவள், "அம்மா வேறெ என்ன பறஞ்சாங்க?" என்று கேட்டாள்.

இனி என்னிடம் இருப்பது அந்த முதல் வருஷத்து எண்ணிக்கை ஒன்றுதான். அன்று தம்பானூரில் முழு அகலத்திரை இருந்தது. அன்றும் நான் பதினாறு என்றுதான் எண்ணினேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவள் என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாட்டு ஓடும்போது வரிக்கு வரி அவள் பக்கம் குனிந்து அர்த்தம் சொன்னேன். குனிந்தபோதெல்லாம் திரையின் வலது ஓரம் எனக்குத் தெரிந்திருக்காது. அந்தப் பெண் அப்போது வந்து ஆடிவிட்டுப் போயிருக்கலாம். அல்லது நேற்று ஆட்டோவில், என்னை இப்படி உட்கார்த்தி வைப்பதற்காகவே என் மனைவி அவளை உண்டாக்கியிருக்கலாம். இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

படத்தை இன்னொரு தடவை போட வேண்டும் என்று சொசைட்டிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். ஒரு பாட்டில் ஆடியவர்களின் எண்ணிக்கையைச் சரிபார்க்க என்று காரணமும் எழுதினேன். குழுவில் நாற்பது பேருக்கு மேல் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். பாத்திரக் கடைக்காரர் மூன்று தடவை போட்டார். அடுத்த மாதம் போடுகிறார்கள்.

மனைவியிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நானும் வரேன்," என்றாள்.

"நீதான் பாத்தாச்சே."

"அவளை இன்னொரு தரம் பாக்கணும்."

"சரி. அப்போ நான் உன் பக்கத்துல உக்காந்துக்கறேன். வலது ஓரத்துல அவ எப்போ வரான்னு நீ சொல்லு."

"அதெல்லாம் முடியாது," என்றாள். "பின்னாடி உக்காந்து நீங்களே பாருங்கோ."